அண்ணி வீட்டுப் பீரங்கி உறை

துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட் ஊர் வீட்டில் அண்ணி செம்பருத்தி வைப்பது முழங்கால் உயரப் பித்தளை உறை ஒன்றில். ஜப்பான்காரர்கள் எங்கள் தீவைப் பிடித்திருந்த யுத்த காலத்துப் பீரங்கிக் குண்டின் உறை அது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது அண்ணன் கண்டெடுத்துக் கழுவி, கல்யாணமான புதிதில் அவரிடம் கொடுத்தது. அண்ணன் இறந்த பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் அதைப் புளி போட்டுத் தேய்த்து, தரையில் டங்கென்று வைப்பார்.

உறைகள் சேர்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்ததே அதைப் பார்த்துத்தான். அபர்டீன் பஜாரில் வாங்கியவற்றைக் கவிழ்த்து வைத்து, அடியில் பொறித்த குறிகளை லென்ஸில் படிப்பேன். நங்கூரம் என்றால் ஜப்பான் கடற்படை, அம்பு என்றால் பிரிட்டிஷ் ராணுவம். நடுவில் பொட்டுப்போல இருப்பது பிரைமர். உள்ளேயிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைப்பது அதுதான். சுட்ட உறையில் அந்தப் பொட்டு குழிந்திருக்கும். இவ்வளவு தெரிந்தும் அண்ணியின் உறையை நான் கவிழ்த்துப் பார்த்ததில்லை. அது வீட்டுச் சாமான் என்றே மனதில் பதிந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை படகேறிப் போனபோது, கிணற்றடியில் அது கவிழ்ந்து கிடந்தது. பிரைமர் குழியாமல் வழவழவென்றிருந்தது. குறியைப் படிக்கத் தோன்றவில்லை.

"அண்ணி, அதைத் தொடாதீங்க. இந்தப் பக்கம் வாங்க."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து தேய்க்கிறேன் தம்பி. இப்ப என்ன டென்ஷன்?"

"உள்ள காலிதான். ஆனா அடியில இருக்கிற பொட்டு இன்னும் வெடிக்கல."

நான் போன் செய்ததும் போலீஸின் வெடிகுண்டுப் பிரிவு வந்தது. கொண்டுபோய் அழித்துவிடுவோம் என்றார் அதிகாரி. அண்ணி அவர் எதிரில் போய் நின்றார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அண்ணிக்கு வந்த இந்தி பாதியில் நின்றது.

"பேட்டா, வெடிக்கிறத நிக்காலோ. பர்த்தன் வாப்பஸ் வேணும். எங்க வீட்டுக்காரர் குடுத்தது."

வெடிப்பதை எடுத்துவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பித் தரச் சொல்கிறார் என்று அதிகாரிக்குப் புரிந்தது. "தேக்தா ஹூன், மாஜி", பார்க்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனார்.

அது திரும்பாது என்றே நினைத்து, என்னிடமிருந்ததிலேயே அழகான உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி அதில் பூ வைக்கவில்லை. துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். "இது உங்க வீட்டுது தம்பி."

மழைக்காலம் முடியும்போது அண்ணியின் உறையே திரும்பி வந்துவிட்டது. பிரைமரைக் கழற்றிய இடத்தில் வட்டமாய் ஓர் ஓட்டை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போவதற்குள் அண்ணி அதில் மண் நிரப்பி வெற்றிலைக் கொடி நட்டிருந்தார்.

"இனிமே தண்ணி நிக்காதுல்ல. கொடிக்கு அதான் அச்சா."

அடியில் இருப்பது நங்கூரமா அம்பா என்று பார்க்க ஒரே ஒருமுறை கவிழ்க்கலாமா என்று கேட்டேன். "வேர் பிடிக்கட்டும் தம்பி" என்றார். கொடி இப்போது ஜன்னலைத் தாண்டிக் கூரையைத் தொட்டுவிட்டது. நானும் மறுபடி கேட்கவில்லை. போகும்போதெல்லாம் இரண்டு வெற்றிலை கிள்ளிக் கொடுக்கிறார்.