வீட்டுக்குள் ஒரு செக்கர்

கேமராவைத் திறந்து பார்த்ததும் கண்டக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளைக்குக் கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டிய படங்கள் இருந்த இடத்தில் எப்போதோ ஒரு விசேஷத்தில் எடுத்த அவருடைய மச்சான் குடும்பம் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்த படத்திலும் மச்சான். அதற்கடுத்ததில் மச்சானும் மச்சானின் புது ஸ்கூட்டரும். பட்டனை அழுத்திக்கொண்டே போனார். சிரித்த முகங்கள்தான் வந்தன. அவர் தேடிய படம் வரவில்லை.

"உங்க வேலைய பாதி முடிச்சு வச்சிட்டேன்," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "குப்பையெல்லாம் கழிச்சுட்டு நல்லத மட்டும் வச்சிருக்கேன். பாத்தீங்களா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். காலை ஷிப்ட் முடிந்து வந்த காக்கிச் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

அந்தம்மாவின் தொழிலை இப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எடுத்த எடுப்பிலேயே அவளைக் கெட்டவளாக்கிவிடுவீர்கள். அவள் ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டைகளை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, காலர், கைப்பட்டி, பட்டன், ஓரத் தையல் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது வேலை. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பிரித்துத் தைத்துச் சரி செய்ய முடிந்தால் அது 'ஆல்டர்'. முடியாவிட்டால் 'ரிஜெக்ட்'. அவள் கையைத் தாண்டிப் போன பீஸ் திரும்பி வந்ததே இல்லை என்று சூப்பர்வைசர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெருமை அவளுக்கும் உண்டு, இல்லாமலா?

பஸ்ஸிலும் செக்கர் என்று ஒரு ஜாதி உண்டு. நடுவழியில் ஏறி, டிக்கெட்டைச் சரிபார்த்து, கண்டக்டர்களின் வயிற்றைக் கலக்குகிறவர்கள். டெப்போவில் இவரைக் கண்டால் போதும், "ரோட்டுல ஒரு செக்கர், வீட்டுல ஒரு செக்கர், எப்படிய்யா உயிரோட இருக்க நீ?" என்று பிடித்துக்கொள்வார்கள். இவரும் சிரித்துவைப்பார்.

கண்டக்டருக்குப் பொழுது விடிந்தால் மனித முகம்தான். எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில் விலாவால் இடித்து, முழங்கையால் விலக்கி, சில்லறைக்குச் சண்டை போட்டு, அத்தனை பேருடைய வேர்வையையும் தன் சட்டையில் வாங்கிக்கொண்டு இறங்குவார். அதனாலோ என்னவோ, கேமரா கையில் வந்துவிட்டால் ஆளில்லாத இடமாகத் தேடிப் போனார். கழுவி நிறுத்திய பஸ்ஸில் ஈரத்தோடு மின்னும் கைப்பிடிக் கம்பிகள். யாரோ எழுந்து போன பெஞ்சு. மூடிய ஷட்டர்மேல் சாய்ந்த மரத்து நிழல். சிலவற்றை வேண்டுமென்றே கையை ஆட்டி எடுப்பார், சிலவற்றை வேண்டுமென்றே இருட்டாக விடுவார். ஆறின டீயைக்கூடக் குடிக்காமல் மணிக்கணக்கில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆரம்பத்தில் மனைவியிடம் காட்டினார். அவள் துணியை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "ம், நல்லாருக்கு. ஆளே இல்லையே," என்பாள். அடுத்ததைக் காட்டுவார். "இதுலயும் ஆளில்ல." அந்த 'ஆளே இல்லையே'யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், ஒரு கட்டத்தில் காட்டுவதையே விட்டுவிட்டார். உள்ளுக்குள் மட்டும் ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது. ஊரே பார்க்காவிட்டால் போகட்டும். கூடப் படுத்து எழுகிறவளுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று ஒரு துளியாவது தெரிய வேண்டாமா? இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

கண்காட்சி வாய்ப்பு வந்தபோது அதனால்தான் அப்படித் துள்ளினார். ஊரிலிருந்த புகைப்படக் குழு, நூலகத்து ஹாலில் கண்காட்சி வைக்க இவரையும் சேர்த்துக்கொண்டது. குழுத் தலைவர் முன்னாள் ஸ்டூடியோக்காரர், லேசில் யாரையும் பாராட்டாத மனிதர். கேமராவின் பின்பக்கத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இத வாசல்லயே வச்சிருவோம். பெருசா. ஒரிஜினல கொண்டாந்துருங்க."

அவர் தனக்கென்று ஆசையாக எடுத்ததிலேயே அந்த ஒன்றில்தான் ஆள் இருந்தது. கண்டக்டரின் மனைவி. வேலை விட்டு வந்தவள், பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு காலில் செருப்பு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. விரல்கள் பழக்க தோஷத்தில் திரைச்சீலையின் ஓரத் தையலைத் தடவிக்கொண்டிருக்கின்றன. கண் மட்டும் எதையும் பார்க்கவில்லை. சாயங்கால வெளிச்சம் பாதி முகத்தில். எடுத்தது அவளுக்குத் தெரியாது.

கண்காட்சி பற்றிச் சொன்னவர், இந்தப் படத்தைப் பற்றி மட்டும் அவளிடம் மூச்சு விடவில்லை. ஹால் வாசலில் அவள் வந்து நிற்பாள், தன்னையே பார்ப்பாள், அப்போது புரியும். இத்தனை வருஷமாக இந்த மனிதன் என்ன பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒரே பார்வையில் புரிந்துபோகும். மனசுக்குள் அந்த வாசலில் அவளை எத்தனையோ தடவை கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அந்தப் படம்தான் இப்போது இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதாகி மூலையில் கிடந்தது. பிரதி எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்று நாளைக் கடத்தியதில் எல்லாமே கேமராவின் அந்தச் சின்ன மெமரி கார்டுக்குள் மட்டும்தான் இருந்தன.

"மத்ததெல்லாம் எங்க?" என்றார்.

"எதெல்லாம்?"

"நான் எடுத்ததெல்லாம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஆடிப்போனது, இருட்டடிச்சது, ஆளே இல்லாதது, அத்தனையும் எடுத்துட்டேன். நாலு பேரு பாக்கற எடம். எங்க வீட்டுக்காரர் படம் கோணலா இருக்குன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது பாருங்க. இன்னிக்கு லீவுதானே, காலையிலருந்து இதே வேலையா உக்காந்தேன். கொறச்சலா போச்சேன்னு அக்கம்பக்கத்து ஆளுங்களையும் நிக்க வச்சு நானே புதுசா கொஞ்சம் எடுத்திருக்கேன். நேரா வந்திருக்கு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

"தப்பா பண்ணிட்டேனா?"

"எல்லாம் போச்சு," என்றார்.

அவள் அடுப்பை அணைத்தாள். அவர் கார்டைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு. பின்னாலேயே அவளும் வந்தாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் வேறொருவரின் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார். கண்டக்டரின் கோலத்தைப் பார்த்து அதை ஒதுக்கி வைத்துவிட்டு கார்டைச் செருகினார். "அழிச்சா உடனே போயிடாது சார். மேல வேற எதையாவது எழுதினாத்தான் போகும். அழிச்ச பிறகு இதுல ஏதும் எடுத்தீங்களா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்சம் எடுத்தேன்."

கொஞ்சமில்லை. படம் எடுத்து முடித்து கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபோது எந்தப் பட்டன் அழுந்தியதோ, கேமரா பாட்டுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. திரையில் தரை ஆடியது, அவள் பாதம் வந்தது, வாசற்படி வந்தது. கூடவே அவள் குரல். பக்கத்து வீட்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எங்க வீட்டுக்காரர் படத்த ஹால்ல மாட்டப் போறாங்க. அவ்ளோ லேசுல யாரையும் சேத்துக்க மாட்டாங்களாம். இவர சேத்திருக்காங்க. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், ஆனா அவர் கைய வச்சா சும்மா வைக்க மாட்டாரு."

கடைக்காரர் சட்டென்று அதை நிறுத்தினார். கண்டக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால்கூட மனசு கொஞ்சம் ஆறும். அதுவும் இல்லையென்றால் மனிதன் எங்கே போவான்?

தேடுகிற மென்பொருள் ஓட ஓட, ஒவ்வொன்றாகத் துண்டுகள் வந்தன. மேலே கொஞ்சம் படம், கீழே வெறும் சாம்பல் நிறம். சிலவற்றில் ஒரு கீற்று மட்டும். எது என்னவென்று எடுத்தவருக்கே பிடிபடவில்லை.

"இது டெப்போ," என்றாள் மனைவி. ஸ்டூலை இழுத்துப் போட்டு, கம்பெனி மேஜையில் உட்காருகிற மாதிரி முதுகை நிமிர்த்தித் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். "மழ பெஞ்ச அன்னிக்கு எடுத்தது. கீழ தண்ணி தேங்கியிருக்கும், அதுல பஸ்ஸு தலகீழா தெரியும். எடது ஓரத்துல ஒரு காக்கா, பாதிதான் இருக்கும்." அடுத்தது வந்தது. "இது ஷட்டர். ரெண்டாவது மடிப்புல துரு. நெழலு அதுவரைக்கும் வந்து நிக்கும், தாண்டாது." அடுத்தது. "இது பஸ்ஸுக்குள்ள. கடைசி சீட்டுல யாரோ ஒத்தக் கம்மல விட்டுட்டுப் போயிருக்காங்க."

ஒற்றைக் கம்மலா? அப்படி ஒன்று இருந்தது அவருக்கே தெரியாது.

"இதெல்லாம் பாத்தியா நீ?" என்றார்.

"பாக்காம எப்படி ரிஜெக்ட் பண்றது?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக எந்தக் கண்ணுக்காக ஏங்கினாரோ அந்தக் கண் இன்றைக்கு ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்திருக்கிறது. ஸ்டூடியோக்காரர்கூட இவ்வளவு பார்க்கவில்லை. பார்த்து, தெரிந்துகொண்டு, அப்புறம் ஒன்று விடாமல் அழித்தும் இருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா, தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதிக்கொள்வதா?

"இத ஆல்டர் பண்ண முடியாதா தம்பி? மேல இருக்கறத வச்சு கீழ ஒட்டி?" என்று அவள் கேட்டாள். கடைக்காரர் சிரிக்கவில்லை. முடியாதும்மா என்றார்.

துண்டுகள் தீர்ந்துபோயின. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் வரவில்லை, ஒரு கீற்றாகக்கூட. இன்னொரு தடவை தேடச் சொன்னார். கடைக்காரர் தேடினார். மறுபடியும் காக்கா இல்லாத டெப்போதான் வந்தது. மூன்றாம் தடவை கெஞ்சியபோது, "சார், இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல," என்று கார்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

இருட்டுவதற்குள் திரும்பி நடந்தார்கள். வேலை விட்டவர்கள் எதிரே கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். கண்டக்டர் பழக்கத்தில் தோளைச் சாய்த்து வழி விட்டார். நாளைக்கு ஸ்டூடியோக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசிக்கப் பார்த்தார், யோசனை அங்கே நிற்கவில்லை. அந்தப் படத்தை மறுபடி எடுத்துவிடலாமா? அவளை அதே இடத்தில் உட்கார வைத்து, பையைத் தோளில் மாட்டி, ஒரு செருப்பைக் கழற்றச் சொல்லி? நினைக்கும்போதே கூச்சமாக இருந்தது.

"நீ உக்காந்திருந்த படம் ஒண்ணு இருந்துச்சே," என்றார். "ஜன்னல்கிட்ட."

"இருந்துச்சு."

"அது ஆடல. இருட்டா இல்ல. அதுல ஆளும் இருந்துச்சு. அத ஏன் ரிஜெக்ட் பண்ண?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அது ரிஜெக்ட் இல்ல," என்றாள். "நீங்க எடுத்ததுலயே அதுதான் நல்ல பீஸு. அத்தன நேரம் பாத்தேன், ஒரு அம்பு ஒட்ட எடம் கெடைக்கல."

"அப்புறம்?"

"நான் அப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. கம்பெனியிலயும் தெரியாது, எங்கம்மாவுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்காக, ஒரு சட்டையின் குறையைச் சொல்வதைப் போலச் சொன்னாள். "அங்க நின்னு பாத்திருக்கீங்க. வெளிச்சம் சரியா விழுதான்னு பாத்திருக்கீங்க. நான் திரும்பிடக் கூடாதேன்னு மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னிருப்பீங்க. என்ன ஆச்சு உனக்குன்னு ஒரு வார்த்த கேக்கல."

கண்டக்டருக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக நினைவிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அவள் அசைந்தால் முகத்து வெளிச்சம் போய்விடுமே என்று பயந்தார். படம் விழுந்த பிறகு சத்தமில்லாமல் பின்வாங்கி, மறு அறைக்குப் போய்த் திரையைப் பார்த்து, பிரமாதமாக வந்திருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். அவள்தான் பரிமாறினாள். அவள் சாப்பிட்டாளா என்பது நினைவில் இல்லை.

ஓரெட்டு முன்னால் போய் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன ஆச்சு அன்னிக்கு?"

"ஞாபகம் இல்லீங்க," என்றாள்.

பொய். இரண்டு பேருக்குமே அது தெரியும். அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் ஒருவர் இடித்துத் திட்டிவிட்டுப் போனார். அவர் இன்னொரு தரம் கேட்டார். கொஞ்சம் உரக்கவே கேட்டார். அவள் நிற்கவில்லை. வீடு இன்னும் இரண்டு தெரு தள்ளி இருந்தது, அவள் நடையை எட்டிப் போட்டாள்.