தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒரு வட்டை

உரப்பை நிறையத் துணி என்று பக்கத்து வளவு நாகரெத்தினம் சொல்லித் திரிகிறாளே, அந்தப் பையை அவிழ்த்துப் பார்த்தது அவளா, உசனாரா? சட்டை தைக்கிற கார்மென்ட் வாசலில் வருகிறவர் போகிறவர் பையைச் சோதிக்கிற காவல்காரர் உசனார். பொய் சொல்லத் தெரியாத மனிசன். அவரே கையை விட்டு அடிவரை துழாவிப் பார்த்துவிட்டு ஒரு நூல்கட்டைகூட இல்லை என்று சொன்ன பிறகும், குழாயடியில் நின்று சுதர்சனாவைக் கள்ளி என்பதற்கு நாக்கு எப்படித்தான் வளைகிறதோ. நூறுதரம் கேட்டாலும் பதில் ஒன்றுதான். அவள் களவெடுக்கவில்லை. அவளை யாரும் வேலையில் இருந்து துரத்தவும் இல்லை. தன் காலால் நடந்து வந்தாள்.

அந்தக் காலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் நிற்காத கால் அது. மெசின் நின்ற பிறகும் கீழே மிதித்துக்கொண்டே இருக்கும். வவுணதீவுப் பக்கம் கார்மென்ட் திறந்த வருசமே வேலைக்குச் சேர்ந்தவள், பதினொரு வருசம் சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைத்தாள். பதினொரு வருசமும், வெயில் எங்கே வந்து நிற்கிறது என்று யன்னலால் எட்டிப் பார்த்துப் பார்த்தே தைத்தாள். வீட்டில் அவள் உழைப்பைத் தவிர வேறு உழைப்பு இல்லை. இல்லாவிட்டால் முதல் மாதமே எழும்பி ஓடியிருப்பாள்.

எல்லாம் தகப்பனிடம் இருந்து வந்த குணம். கதிர்காமத்தம்பி கரடியனாற்றில் வட்டைவிதானையாக இருந்தவர். ஒரு வட்டை என்றால் கண்ணுக்கெட்டிய வயல்வெளி. அத்தனை வயலுக்கும் எப்போது தண்ணீர், யாருக்கு முதல் தண்ணீர் என்று சொல்வது அவர் வாய்தான். அந்த மனிசனுக்கு இருந்தது ஒரே சட்டம். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராமல், வாய்க்கால் தலைப்பில் இருக்கிறவன் தன் வரம்பை வெட்டக் கூடாது. அதற்காக மண்வெட்டிப் பிடியால் அடிகூட வாங்கினார். சட்டத்தை மாற்றவில்லை.

கார்மென்ட்டில் நாற்பது பெண்கள். விடியமுன்னம் கட்டின சோற்றுப் பார்சல், அதற்குள் ஒரு சிவப்புச் சம்பல். மத்தியானம் அவிழ்த்தால் பாதிப் பேருக்குப் புளித்த மணம்தான் பசியாற்றும். கரடியனாற்றுக்கும் அங்கால் இருந்து வருகிற தனுஷியா, வயிற்றில் மூன்று மாதப் பிள்ளையோடு, ஒருநாள் மெசின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டாள். உடம்பில் இரத்தம் காணாது, கீரை சாப்பிடு என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள்.

"கீர ஆய எனக்கு எங்கக்கா நேரம்? பஸ்ஸால இறங்கக்குள்ள இருட்டிரும்," என்றாள் அந்தப் பிள்ளை.

அந்தச் சொல் சுதர்சனாவை இருக்கவிடவில்லை. கழிவறைச் சுவருக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் கிடந்தது. ஆள் படுத்தால் கால் வெளியே நிற்கும், அவ்வளவுதான். தாங்கி வழிந்து எந்நேரமும் ஈரம். மேற்பார்வைக்கு நின்ற கோகுலராஜைக் கேட்டுவிட்டு, வெறும் உரப்பைகளைக் கொண்டுபோய் அடுக்கினாள். ஈரம் பிடிக்கட்டும் என்று குப்பையில் கிடந்த வெட்டுத்துணியை அடியில் போட்டு, மேலே மண் நிரப்பினாள். நாகரெத்தினத்தின் 'துணிக் களவு' பிறந்த இடம் அதுதான். குப்பைத்துணி!

பிறகு அவளுக்கு மணிக்கொருதரம் கழிவறை. போகிற சாட்டில் தண்ணீர், வருகிற சாட்டில் புழு பிடுங்கல். இவளுக்குச் சீனி வருத்தம் என்று பெட்டைகள் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் வல்லாரை பையை மூடியது, பசளிக் கீரைக்கொடி தாங்கிக் குழாயில் ஏறியது, உறைக்கிற கொச்சிக்காய் காய்த்தது. மத்தியானச் சோற்றுக்கு வல்லாரைச் சம்பல் வந்தது. சிரிப்பும் மாறிவிட்டது. "எழும்புங்கடி, வட்டைவிதானையார் வாறா," என்று பகிடி பண்ணினார்கள்.

பகிடியை அவள் மெய்யாகவே எடுத்துக்கொண்டாள். தகப்பன் சட்டம் அங்கேயும் வந்தது. பஸ்ஸில் கடைசியாக இறங்குகிறவளுக்கு முதல் பிடி. ஒவ்வொரு பின்னேரமும் தனுஷியாவின் கைக்குப் போன பிறகுதான் மற்றவர்களுக்கு. கார்மென்ட் மதிலோடு வீடு வைத்திருந்த கோகுலராஜ், மிஞ்சினதுதானா தனக்கு என்று முகத்தைத் தூக்கினான்.

"உங்கட வீடு வாய்க்கால் தலைப்பில இரிக்கி தம்பி. பொறுங்க," என்றாள்.

இதற்கிடையில் துணி வாங்குகிற வெளிநாட்டார் வந்தார்கள், தோட்டத்தைப் படம் பிடித்தார்கள். தெற்கிலிருந்து வந்த முகாமையாளருக்குப் பெரிய சந்தோசம். தொழிலாளர் நலத் தோட்டம் என்று பலகை நட்டார். பலகை வந்த பிறகு முகாமையாளர் இருக்கிற கந்தோரின் கை நீண்டது. ஒரு வியாழக்கிழமை விருந்தாளிகளின் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று தண்டுவரை ஆய்ந்துவிட்டார்கள். அன்று தனுஷியா வெறுங்கையோடு பஸ் ஏறினாள். அந்த வெறுங்கைதான் சுதர்சனாவைத் தின்றது. பஸ்ஸிலும் அந்தக் கால் மிதித்துக்கொண்டே போனது.

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே முகாமையாளர் அறைக்குள் போய் நின்றாள்.

"சேர், அது எங்கட வட்டை. கடைசியில இருந்துதான் குடுக்கிற."

அவருக்குத் தமிழ் அரைகுறை. சிங்களத்தில் வத்த என்றால் தோட்டக்காணி. இந்தப் பெண் கம்பனிக் காணியைத் தனக்கு உரித்துக் கேட்கிறாள் என்று பதறிப்போனார். மத்தியானத்துக்குள், அவள் ஒப்பம் வைக்க வேண்டும் என்று ஒரு கடிதம் அடித்து வந்தது. கோகுலராஜ்தான் வாசித்துக் காட்டினான். முதல் வரி, நிலத்தில் அவளுக்கு உரித்தில்லை. அதைக் கேட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்கு எத்தனை ஒப்பமும் வைப்பேன் என்றாள். இரண்டாவது வரி, இனிமேல் யாருக்கு இலை என்று கந்தோர்தான் சொல்லும். சிரிப்பு நின்றுவிட்டது.

வட்டை என்றால் என்ன என்று சேருக்கு விளங்கப்படுத்துகிறேன், இப்போதைக்கு ஒப்பத்தை வையுங்கள், வேலை போய்விடும் என்று அவன் நல்லமாதிரித்தான் கெஞ்சினான்.

"ஏலா தம்பி. இதுல ஒப்பம் வெச்சா இலையெல்லாம் தலைப்போட நிண்டிரும்."

மெசினில் ஒரு கழுத்துப்பட்டி பாதியில் கிடந்தது. போய் இருந்து அதைத் தைத்து முடித்தாள். நூலை அறுத்தாள். மெசின் நின்றது, காலும் நின்றது. பதினொரு வருசத்தில் அன்றைக்குத்தான் அது சும்மா இருந்ததைப் பக்கத்து மெசின்காரி கண்டாள்.

நட்டதை ஒன்றும் அவள் பிடுங்கவில்லை. பசளித் தண்டு ஆறும், தானாக முளைத்த கொச்சிக்காய்க் கன்று நாலும் எடுத்து ஒரு வெறும் உரப்பைக்குள் வைத்தாள். உசனார் பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, ஒரு நூல்கட்டைகூட இல்லை என்று சொல்லிக் கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.

யன்னலில் இருந்து தனுஷியா கூப்பிட்டாள். "அக்கா, பின்னேரம் தண்ணி ஆரு?"

"நீதான். கடைசிப் பையில தொடங்கி ஊத்து புள்ள," என்றாள் சுதர்சனா. சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டினாள்.