உதவி தேவைப்படவில்லை

எண்பதுகளின் பிற்பகுதியில், கொட்டகலையில் ஆசிரியையாக இருந்தபோது, என் இடது இடுப்பு மூட்டு முற்றாகத் தேய்ந்துபோனது. கரும்பலகைக்கும் மேசைக்கும் இடையில் நடப்பதே பெரும்பாடாக இருந்தது. கொழும்பில் மூட்டை மாற்றி வைக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னபோது, யோசிக்க நேரம் கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஒப்பரேஷனுக்கு முன்னால் என்னைத் தயார்படுத்தியவர் டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பிசியோ மிஸ். என்னைவிட மிகவும் இளையவர். படுத்தபடி தொடையை இறுக்கித் தளர்த்துவது, ஊன்றுகோலோடு படியேறுவது, குனியாமல் எழுவது எல்லாம் பழக்கினார். ஒருநாள் கேட்டார்:

"வீட்டுல ஒங்கள யாரு பாத்துக்குவாங்க, டீச்சர்?"

"யாருமில்ல மிஸ். அம்மா போய்ச் சேந்துட்டாங்க. அண்ணன் குடும்பத்தோட இந்தியாவுக்குப் போயிருச்சு."

மிஸ் ஊன்றுகோலை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு, "அப்ப தனியா சமாளிக்கப் பழகுவோம்," என்றார்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆசிரியர் குவாட்டர்ஸில் என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, இன்னும் நடக்காத ஒப்பரேஷனுக்கு ஒத்திகை பார்ப்பேன். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினேன். அரிசி, சீனி டப்பாக்களைக் குனியாமல் கை எட்டும் மேல் தட்டுக்கு மாற்றினேன். இரண்டு கையும் ஊன்றுகோலைப் பிடித்திருந்தால் தேநீரை எப்படிக் கொண்டுபோவது? பிளாஸ்கில் ஊற்றித் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடச் சொல்லித்தந்தார் மிஸ். அப்படியே அடுப்படியிலிருந்து கதிரை வரை போய் உட்கார்ந்து, ஊற்றிக் குடித்தேன். நன்றாகச் செய்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்லத் தோன்றியது. வெளியே மழை மட்டும்தான்.

கொழும்பு வார்டில் பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மாவுக்கும் அதே ஒப்பரேஷன். அவருக்கு யாரும் எதையும் பழக்கியிருக்கவில்லை. எழச் சொன்னபோது பயந்து அழுதார். மகள்மார் இருபுறமும் தாங்கிக்கொண்டார்கள். நானோ, எழச் சொன்னவுடனே இறங்கி நின்றேன். "ஹொந்தய், ஹொந்தய்," என்று தாதி சிங்களத்தில் மெச்சினார். பார்வையாளர் நேரத்தில் அந்த அம்மா தன் மகளிடம் எனக்குப் பப்பாளித் துண்டுகள் கொடுத்தனுப்புவார். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்வேன்.

ஊருக்குத் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, பிசியோ மிஸ் குவாட்டர்ஸுக்கே வந்தார்.

"ஒப்பரேஷனுக்கு முன்னுக்கே பழக்குனவங்க மத்தவங்கள விட நல்லாத் தேறுறாங்களான்னு பெரிய டாக்டர் பாக்கச் சொன்னாரு," என்றார்.

வகுப்பில் நான் உபயோகிக்கும் பாகைமானியைப் போன்ற ஒன்றை இடுப்பில் வைத்து, கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். வலி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"மத்தவங்க ஒதவி எவ்வளவு தேவைப்பட்டுச்சு?"

"தேவைப்படல மிஸ்."

"குளிக்க, சமைக்க, கடைக்குப் போக?"

"எல்லாம் நானேதான்."

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. "நான் பழக்குன ஆள்கள்ல ஒங்களுக்குத்தான் கூடின புள்ளி, டீச்சர்!"

பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டே காலம் கழித்தவள் நான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"சும்மா பேசவாச்சும் யாரும் வந்தாங்களா?"

"மொத வாரம் பள்ளிக்கூடத்துலருந்து வந்தாங்க. நான் நல்லா நடக்குறதப் பாத்துட்டு, இனிப் பயமில்லன்னு போயிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் வரல." பிறகு கேட்டேன்: "இது கேள்வியில இருக்கா மிஸ்?"

"இல்ல."

"அப்ப எழுதாதீங்க."

வீதியில் ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது. மிஸ் எழவில்லை. "அடுத்ததுல போறேன். தேத்தண்ணி போடவா?" என்று கேட்டார்.

நானே போடுகிறேன் என்று எழப்போனவள், உட்கார்ந்தேன். "போடுங்க மிஸ். சீனி மேல் தட்டுல இருக்கு."

அதன் பிறகு அவர் இடமாற்றம் கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார். தேநீர் குடித்த அன்று, அவரைப் பஸ் ஏற்றிவிட வீதி வரை கூடவே போனேன். கால் துளியும் வலிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல், வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கடைவீதிப் பக்கம் நடந்தேன்.