ஆவணியில் பிடித்த குடை

நாவல் என்றால் நான் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவேன். யார் செய்தது என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதியாக வாசிக்க வரும். அந்தப் புத்தகத்தில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் யன்னலைச் சாத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். என்னை ஏய்க்கப் பார்க்கிறார்களா என்ற வீம்பில்தான் அதை வாங்கினேன்.

வாங்கியது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நான் ஆங்கிலம் படிக்கப் போகும் வகுப்புக்குக் கீழே இருந்த பழைய புத்தகக் கடையில். ஆங்கிலம் படித்தது கனடாவில் இருந்த என் கணவரிடம் போவதற்காக. போன ஆவணியில் அவர் லீவில் வந்து, தாலி கட்டி, ஒரு மாதம்கூட நிற்காமல் திரும்பிப் போனார். நின்ற நாட்களிலும் பாதி விருந்துச் சாப்பாட்டில் போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, கறியை அள்ளி அள்ளிப் போட்டார்களே தவிர, இரண்டு வார்த்தை கதைக்க விடவில்லை. விசா வரும்வரை நான் மருதனார்மடத்துக்குக் கிட்ட அம்மாவோடு இருந்தேன். விசா வந்ததும் போய் வாழ வேண்டியது, உள்ளதைச் சொன்னால், எனக்குத் தெரியாத ஒரு மனிதரோடு. இவரை நம்பிப் போகலாமா என்பதுதான் அந்த வருடம் முழுவதும் என் மனதில் கிடந்த ஒரே கேள்வி. அதை யாரிடமும் கேட்க முடியாது. குறிப்புப் பார்த்தவர் பொருத்தம் இருக்கிறது என்று சொன்னதோடு அவருடைய வேலை முடிந்துவிட்டது.

ஆனி மாதம் அது. மத்தியானச் சமையல் முடிந்து அம்மா படுத்ததும், நான் நடு அறைச் சீமெந்து நிலத்தில் தலையணையைப் போட்டுப் புத்தகத்தை விரிப்பேன். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும். சோளகக் காற்று யன்னல் சீலையை ஊதி என் முகத்தில் போடும், பிறகு தானே எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை கண் சொருகும். கதை மட்டும் நிற்காது. கண் மூடிய பிறகும் நான் அந்தக் கதை வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். அதன் மாடிப்படியில் ஏறினால் எங்கள் கிணற்றடி வரும். கதையில் வரும் மலைப்புகார் வெள்ளை மூட்டமாக எங்கள் குசினிக்குள் நுழைந்து அடுப்பு மூலையில் படுத்திருக்கும். விழித்த பிறகு, கனவில் கண்டது எது, அச்சில் இருந்தது எது என்று தெரியாது. நான் நன்றாக ரசித்த சில காட்சிகளை மறுநாள் தேடினால் அவை புத்தகத்திலேயே இருக்காது. இப்படி ஒரு சுகத்தை வேறு எந்தப் புத்தகமும் எனக்குத் தந்ததில்லை.

அது ஒரு மொழிபெயர்ப்பு. எந்த நாட்டு மலை என்று பிடிபடவில்லை. புதிதாகக் கலியாணமாகி வந்த பெண் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறாள். கணவன் தங்கமான பிள்ளை. அவள் சொன்ன எதையும் மறக்க மாட்டான். அந்த மறவாமைதான் அவளுக்கு முதலில் இனித்து, பிறகு உறுத்தத் தொடங்குகிறது. ஒருநாள் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிப் பார்க்கிறாள். ரயிலில் வரும்போது உன் கோட்டுப் பொத்தான் அறுந்தது, நான் தைத்துத் தந்தேன், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறாள். அவன் சிரித்துக்கொண்டு, ஆமாம், ஊசி உன் விரலில் குத்தியதே என்கிறான். அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடக்காததை ஞாபகம் வைத்திருக்கிற இவன் அவள் கட்டிய ஆளே இல்லை.

புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மோட்டரை நிறுத்திவிட்டிருந்தார்கள். என் கணவரும் எதையும் மறக்காத ஆள்தான்.

இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் எனக்குப் போன் எடுப்பார். அங்கே விடிந்திருக்கும், இங்கே விளக்கு வைக்கிற நேரம். எங்கள் பேச்சில் காதலைவிடப் பரீட்சைதான் அதிகம். கலியாணம் உண்மையானதா என்று விசா நேர்முகத்தில் குடைந்து கேட்பார்களாம், இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டுமாம். கலியாணச் சாப்பாடு என்ன என்று கேட்டதற்கு மாப்பிள்ளை இடியப்பம் என்று சொல்ல, பெண் புட்டு என்று சொல்ல, ஒரு சோடிக்கு விசாவே கிடைக்கவில்லை என்று ஊரில் ஒரு கதை உலாவியது. அதனால் வெளிநாட்டு மாப்பிள்ளை கட்டிய எல்லாப் பெண்களையும் போல நானும் மாலை மாலையாகப் பாடமாக்கினேன். அவருக்குப் பாகற்காய் ஆகாது, தேநீருக்குச் சீனி குறைவு, சின்ன வயதில் மாமரத்தால் விழுந்தவர். அவரும் என்னைப் பாடமாக்கினார், என்னைவிட நன்றாகவே.

அன்று மாலை அவர் எடுத்தபோது, போகிற போக்கில் சொல்வதுபோல் கேட்டேன்.

“மண்டபத்தாலை வெளிக்கிடேக்கை மழை பிடிச்சதெல்லோ. நீங்கள்தான் எனக்குக் குடை பிடிச்சனீங்கள். நினைவிருக்கோ?”

கலியாணத்தன்று நாங்கள் மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது ஆவணி வெயில் மண்டையைப் பிளந்தது. மழையாவது குடையாவது.

“ஓம், காத்துக்குக் குடையும் பிரண்டதெல்லே” என்றார்.

விளக்கு வைக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் போன் எடுத்தபோது நான் பதில் கொடுக்கவில்லை. சிக்னல் இல்லை, தலையிடி, கோயிலில் நிற்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒரு சாட்டு எழுதி அனுப்புவேன். போகப் போவதில்லை என்று உள்ளுக்குள் முடிவெடுத்தாயிற்று. இவ்வளவு இலகுவாகப் பொய் சொல்கிறவரோடு பனிக்குள் போய், ஒரு சொந்தமும் இல்லாத ஊரில் எப்படி இருப்பது? அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். அம்மா பாவம், நான் கொண்டுபோகக் கட்டித் தருவதற்கு மிளகாய்த்தூள் இடித்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தை மட்டும் விடவில்லை. அதுவோ இன்னொரு பக்கத்தால் புரண்டது. கதை சொல்லிக்கொண்டு வந்தவள் மனைவியே இல்லையாம். எங்கிருந்தோ வந்து அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டவள். அவன்தான் அவளுக்குப் பயந்து, அவள் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இவ்வளவு பக்கமும் நான் ஒரு பொய்க்காரியோடு கைகோத்துத் திரிந்திருக்கிறேன். எழுதினவர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆடிப்பிறப்பன்று அம்மா கூழ் காய்ச்சினார். கூழ் குடிக்கப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவருக்கும் வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் போக விசா கிடைத்து, பயணத்துக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அக்கா புரையேறச் சிரித்தார். விசரி, நீ சொன்னதை அந்த மனிசன் நேர்முகத்துக்குப் பாடமாக்கியிருப்பார், மாறிச் சொன்னால் விசா கிடைக்காமல் போய்விடும் அல்லவா என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உயிர் வந்ததுபோலவும் இருந்தது. இத்தனை பேர் செய்கிற பரீட்சையை மறந்துவிட்டு நாவலுக்குள் போய் நின்றிருக்கிறேன். அன்று கூழை இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தேன்.

மாலையில் நானே அவருக்குப் போன் எடுத்தேன். திரையில் அவர் முகம் வந்தது. சவரம் செய்யவில்லை, கண் சிவந்திருந்தது. பகலில் நித்திரை கொள்வதற்காக அறையை இருட்டாக்கியிருந்தார்.

“கலியாணத்தண்டைக்கு மழை பெய்யேல்லை” என்றேன்.

“தெரியும். வேட்டி வேர்வையிலை ஒட்டிக் கிடந்ததெல்லே.”

“இன்ரவியூவுக்காகத்தானே ஓம் எண்டு சொன்னனீங்கள்?”

“இல்லை” என்றார்.

சிரிக்க ஆயத்தமாக இருந்த என் வாய் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்காமல், போனுக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உமக்கு எப்பவோ ஒரு மழையிலை ஆரோ குடை பிடிச்சிருக்கினம். அதைத்தான் நான் எண்டு மாறி நினைக்கிறீர் எண்டு பட்டுது. ஆரெண்டு கேக்கப் பயமாக் கிடந்தது. நான் இல்லையெண்டு சொன்னால், நீர் யோசிச்சு அந்தாளை நினைச்சுப் போடுவீர். ஓம் எண்டால், அந்த இடத்திலை நான் நிக்கலாம்தானே. நீர் போன் எடுக்காமல் விட்ட பிறகு, அந்தாள் நினைவுக்கு வந்திட்டார் எண்டுதான் இருந்தனான்.”

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மண்டப வாசலில் மழை கொட்டியது. கூறைச் சேலையின் கரை நனைய, காற்றுக்குப் பிரண்ட குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேட்டியோடு அவர் நின்றார். அதைக் கண்ணால் கண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அழுகை வந்தது, மறைக்கவில்லை. இந்த மனிதர் மேல் எனக்கு ஆசை வந்தது அந்த நேரத்தில்தான். தாலி கட்டி ஒரு வருடம் ஆகப் போகிறது.

“அப்பிடி ஒருத்தரும் இல்லை” என்றேன். “ஒரு புத்தகத்திலை வாசிச்சுப் போட்டு, உங்களை நம்பலாமோ எண்டு சோதிச்சனான்.”

அவர் கோபித்திருக்கலாம். கோபித்திருந்தாலும் நியாயம்தான். ஆனால் இப்போதுதான் முதல் தடவையாக என்னை நேரே பார்த்தார்.

“சோதிச்சு, என்ன முடிவு?”

“வாறன்” என்றேன்.