கூக்காலிலிருந்து வரும் முதல் பஸ்

பெருமாள்மலையில் பஸ் நிற்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை என் கணவர்தான் முதலில் பார்த்தார். சந்தையில் பூண்டை இறக்கிவிட்டு வேனில் திரும்பி ஏறும் வழியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். லேப் டெக்னீஷியன் தேவை, பதினொரு மாத ஒப்பந்தம் என்று இருந்ததைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. மதுரையில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அது வந்தது. ஈரக் கையோடு அதைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கூக்காலில் அவருக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற நிலம். ஒரு ராத்திரி காவல் இல்லையென்றாலும் காட்டுமாடு இறங்கிவிடும். அவரால் ஊரை விட்டு வர முடியாது. என் வேலைக்குக் கூக்காலில் இடம் கிடையாது. படித்த படிப்பை விட எனக்கு மனமில்லை; விடச் சொல்ல அவருக்கும் மனமில்லை. அதனால் நான் மதுரையில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வத்தலக்குண்டு, கொடைக்கானல் என்று பஸ் மாறி மாறி ஏறி, இருட்டுகிற நேரத்தில் வீடு போய்ச் சேர்வேன். மறுநாள் மதியச் சோறு தொண்டையில் இறங்குவதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும்.

வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் பூண்டு காயும். அந்தப் புகை என் சேலையெல்லாம் ஏறிவிடும். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் மூக்கைச் சுளிப்பாள். நான் அந்தச் சேலையை நாலைந்து நாள் துவைக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்; இன்டர்வியூவுக்குச் சனிக்கிழமை வரச் சொன்னார்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டேன். தினமும் போய்வர முடியுமா என்று நாமே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்றார் அவர். அவருடைய அண்ணன் மகனைக் காட்டில் காவலுக்கு நிறுத்திவிட்டு, வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸில் ஏறினோம்.

அந்தப் பயணத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். பூம்பாறை வரைக்கும் கண்ணாடியில் பனி வடிந்துகொண்டே வந்தது. காலையில் சோறு யார் வடிப்பது, மாலையில் பஸ் தவறினால் ஜீப்புக்கு எவ்வளவு ஆகும், மழைக்காலத்தில் மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று எல்லாம் பேசினோம். மதுரைச் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் தருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டல் செலவு மிச்சம், மதுரைக்கு ஏறி இறங்குகிற செலவு மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டு அதைச் சரிக்கட்டினார். கொடைக்கானலில் மூஞ்சிக்கல்லைத் தாண்டும்போது, நான் ஏற்கெனவே வேலையில் சேர்ந்துவிட்டவள் மாதிரி, மாலையில் எந்தக் கடையில் காய்கறி வாங்குவது என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். என் சான்றிதழ்களைப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடை வைத்துப் பார்க்கச் சொன்னார். சரியாகச் சொன்னேன். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. பிறகுதான் கேட்டார்.

"ஸ்டே எங்க?"

"கூக்கால்ல இருந்து தினமும் வந்துருவேன் டாக்டர். முதல் பஸ்ஸப் பிடிச்சா ஒம்பதரைக்குள்ள இங்க இருப்பேன்."

"ஃபாஸ்டிங் சாம்பிள் ஏழு மணிக்கே எடுக்கணுமேம்மா. சுகர் பேஷன்டெல்லாம் வெறும் வயித்தோட வந்து வெயிட் பண்ணுவாங்க. ஒம்பதரை வரைக்கும் அவங்கள எப்படி உக்கார வைக்கிறது?"

மதுரையில் தினமும் விடிகாலையில் வெறும் வயிற்றுக்காரர்கள் கையில் ரத்தம் எடுத்தவள் நான். கூக்காலுக்கும் பெருமாள்மலைக்கும் எவ்வளவு நேரம் என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில், என் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது மறந்தே போயிருந்தது. டாக்டர் அம்மா கடுமையாக எதுவும் சொல்லவில்லை. பக்கத்திலேயே ரூம் எடுத்துக்கொள்ள முடியுமானால் வேலை எனக்குத்தான், யோசித்து இன்றே சொல்லிவிட்டுப் போங்கள் என்றார்.

வெளியே டீக்கடையில் என் கணவர் காத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். ரூம் வாடகை கொடுத்து, சாப்பாட்டுக்குச் செலவு பண்ணி, சனிக்கிழமை மட்டும் ஊருக்கு வருவதானால் மதுரைச் சம்பளமே மேல் என்றார். மதுரைக்காரர்கள் வருடா வருடம் சம்பளம் ஏற்றுவார்கள். இங்கே பதினொரு மாதம் முடிந்தால் அடுத்தது நிச்சயமில்லை. அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

"மலைக்கு வந்தும் தனியாத்தான் கெடக்கணும்னா எதுக்கு வர்ற?" என்று கேட்டார்.

"மதுரையில இருந்தா உங்கள வந்து பாக்கறதுக்கே பாதி நாள் போயிருதுங்க," என்றேன். "இங்கன்னா வாரா வாரம் வருவேன். நீங்களும் லோடு ஏத்திட்டு இறங்குறப்ப பாக்கலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சந்தைக்கு முந்தின சாயங்காலம் வேன் இந்த வழியாகத்தான் இறங்கும்; மறுநாள் காலையில் வெறும் வண்டியாகத் திரும்பி ஏறும். மூட்டைகளை டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. அதைச் சொல்லும்போது குரல் மாறிவிட்டது.

நான் திரும்ப உள்ளே போனேன். வேலைக்கு வருகிறேன், ரூம் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் சனிக்கிழமை மதியமே போக விட வேண்டும், திங்கட்கிழமை மட்டும் முதல் பஸ்ஸில் வருவேன் என்று கேட்டேன். டாக்டர் அம்மா டியூட்டி நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"மண்டே மட்டும் நர்ஸ் சாம்பிள் எடுக்கட்டும். ஆனா வந்த உடனே ரிப்போர்ட் கொடுத்துரணும்," என்றார்.

ரூம் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே கிடைத்தது. தகரக் கூரை, ஒரே ஜன்னல். அந்தப் பூண்டுக் காலம் முழுக்க, சந்தைக்கு முந்தின சாயங்காலங்களில் நான் சீக்கிரமே சமைத்துவிட்டு வாசலில் நிற்பேன். மூட்டை ஏற்றிய வேன்கள் ஒவ்வொன்றாக வளைவில் வரும். எங்கள் வேன் நின்றதும், கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ விருந்துக்கு வந்தவர் மாதிரிக் கூச்சத்தோடு அவர் இறங்குவார். வாரத்தில் அந்த ஒரு சாயங்காலமும் சனிக்கிழமையும் போதும் என்று எனக்குத் தோன்றியது.

பூண்டு விற்று முடிந்ததும் வேன் நின்றுபோனது. அதை நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. பிறகு உருளைக்கிழங்கு நட்டார்கள். காட்டுமாடு அடிக்கடி வர, அவர் காட்டிலிருக்கிற காவல் பரணை விட்டு இறங்கவே இல்லை. மே மாதம் சுற்றுலாக் கார்கள் பெருமாள்மலையிலிருந்து மேலே வரைக்கும் வரிசை கட்டி நின்றன. இரண்டு சனிக்கிழமைகள் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் கூக்கால் பஸ் போய்விட்டது. ஜீப்காரர் சொன்ன வாடகையைக் கேட்டுவிட்டுத் திரும்பி ரூமுக்கே வந்தேன். மதுரையில் இருந்தபோது தொலைவு என்பது பழகிப்போயிருந்தது. இங்கே, மேலே மேகம் கறுப்பதைப் பார்த்தால் அது அவர் தலையில்தான் பெய்யப்போகிறது என்று தெரியும். சோறு பிசைந்த கையோடு ஜன்னலில் நின்றுவிடுவேன்.

ஒரு நாள் காலையில் கூக்கால்காரப் பெரியவர் ஒருவர் சுகர் பார்க்க வந்தார். முந்தின நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார். சட்டைக் கையைச் சுருட்டி ரப்பர் பட்டையைக் கட்டும்போது, அவர் போர்த்தியிருந்த கம்பளியிலிருந்து அடுப்புப் புகையும் பூண்டும் கலந்த வாசனை வந்தது. நரம்பைத் தேடுகிற மாதிரி அவர் கையைச் சற்று அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நரம்பு ஆம்புடலையா தாயீ?" என்று அவர் கேட்டார். கிடைத்துவிட்டது என்று சொல்லி ஊசியைக் குத்தினேன். என் கணவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டதற்கு, நேற்றுத் தான் கிளம்பும்போது வரப்பில் மருந்தடித்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் இளைத்திருக்கிறார் என்றார். அன்றைக்கு முழுக்க அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

பதினொரு மாதம் முடிந்தது. டாக்டர் அம்மா தொடரச் சொன்னார். சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றியும் தருவதாகச் சொன்னார். மதுரையிலிருந்தும் பழைய மேனேஜர் ஒரு முறை போன் செய்திருந்தார். ஒரு வாரம் டயம் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அந்த வாரம் முழுக்க மழை. நானும் அவரும் சேர்ந்து களை எடுத்தோம், சமைத்தோம், வேலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. புதன்கிழமை வரைக்கும் நான் போகவே வேண்டாம் என்று இருந்தேன். வியாழக்கிழமை லேபில் யார் ஸ்லைடு பார்க்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது.

கடைசி நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே பேசினார்.

"காவலுக்கு அண்ணன் மகன் முறை வச்சு வாரேன்னு சொல்லிருக்கான். மாசத்துல ரெண்டு மூணு ராத்திரி நான் கீழ வரலாம். ரூம்ல ரெண்டு பேரு படுக்கிற மாதிரி ஒரு கட்டில் வாங்கிப் போட்ருவமா?"

நான் தலையாட்டினேன்.

கட்டிலை வத்தலக்குண்டில் வாங்கி, மேலே ஏறி வந்த ஒரு வேனில் போட்டுக் கொண்டுவந்தோம். அது ரூமுக்குப் பெரிது. இப்போது கதவு பாதிதான் திறக்கும். பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே போக வேண்டும். இரண்டாவது ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கிறது. அவர் சொன்ன மாதிரி மாதத்தில் மூன்று ராத்திரி வருவது அபூர்வம். ஒரு முறை வருவார், சில மாதம் அதுவும் இல்லை. மற்ற நாட்களிலும் நான் சுவரோரமாகவே படுத்துக்கொள்கிறேன்.