பூந்திக்கொட்டை கிரீம் பிரிந்த கதை

எண்ணெயையும் தண்ணீரையும் சண்டை போடாமல் ஒன்றாக நிற்கவைப்பதுதான் எங்கள் தொழில். பாலைத் திரியவிட்டு அடுப்படியில் முழித்த எல்லாருக்கும் என் பாடு புரியும்.

பாகூர் பக்கம் நாங்கள் நாலு பெண்கள், வெடித்த தோலுக்கு கிரீம் செய்தோம். தவிட்டெண்ணெய், நம் தோலில் இருக்கிற மாதிரியான கொழுப்பு, தண்ணீர். மூன்றையும் கட்டிப்போடுவது, சோப்பு மாதிரி நுரைக்கிற பூந்திக்கொட்டைச் சாறு. என் பாப்பாவின் வெடித்த கன்னம் அதில்தான் ஆறியது.

கரண்ட் போன நாள்

பாதிக் கலக்கலில் கரண்ட் போய்விட்டது. மத்தைப் போட்டுக் கையாலேயே கடைந்தோம். திரண்ட மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நாளில் டப்பாவுக்குள் மேலே எண்ணெய், கீழே தண்ணீர். நல்லவாடு குப்பத்தில் மீன் வெட்டுகிற அக்கா, கை வெடிப்புக்கு வாங்கினவங்க, டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாங்க.

“எண்ணெ எங்க வூட்லயே இருக்குதும்மா. கை ஆறும்னுதான் இத வாங்கனேன்.”

டவுன் கடை

அடுத்த தடவை கரண்ட் இருந்தது, சாறு புதுசு, சூடும் சரி. அப்படியும் பிரிந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. எங்களிடம் மொத்தமாக வாங்குகிறவர் டவுனில் ஒரே ஒரு கடைக்காரர்தான். அவரும் கைவிட்டால் யூனிட்டை மூட வேண்டியதுதான். ஒரு டப்பாவை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, இருமல் மருந்தா? இனிமே எடுத்தாராத.”

கடைசிப் பானை

மிச்ச எண்ணெயை வீணாக்குவானேன் என்று இன்னொரு தடவை போட்டோம். அன்று காலை சீக்கிரமே போனேன். தண்ணீர் காய்ச்சுகிற சரசு அக்கா, ஒரு பிடி கல்லுப்பைப் பானையைச் சுற்றி மூன்று தரம் சுற்றி, காய்கிற தண்ணீரிலேயே போட்டாங்க. கிரீமுக்கு எடுத்து வைத்த தண்ணீர் அது. உப்புப் பட்டால் பூந்திக்கொட்டைச் சாறு பிடியை விட்டுவிடும். பயிற்சியில் அதைச் சொல்லிக்கொடுத்த அன்று அக்கா காய்ச்சலில் படுத்திருந்தாங்க.

“கரண்ட் போனதுலேர்ந்து ஒவ்வொரு தரமும் சுத்திப் போடறேன்டி. எவளோ கண்ணு வெச்சிட்டா. உப்பு கரைஞ்சாதான கண்ணும் கரையும்?” என்றாங்க.

நான் விஷயத்தைச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க.

“அப்ப நம்மள மூட வெச்சது என் கைதானாடி?”

அதற்கப்புறமும் கடைக்காரர் எடுக்கவில்லை, யூனிட்டை மூடிவிட்டோம். இப்போது பாப்பாவுக்கு மட்டும் வீட்டில் ஒரு கிண்ணம் செய்கிறேன், அது பிரிவதே இல்லை. உப்புச் சுற்றிப் போடும் அளவுக்கு இப்போது எங்கள் மேல் கண் வைக்க யாருமில்லை.