ஃப்ரெஷருக்குப் பூ வைக்கக் கூடாது

'ஃப்ரெஷர்' என்ற வார்த்தையை எங்கள் ஊரில் அத்தைக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்டவள் நான். அரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்காதீர்கள். எனக்கு வேண்டியிருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அப்பாவின் தங்கையான என் அத்தை பட்டணத்தில் பெண்கள் காலேஜில் ஜூனியர் இண்டர், அதாவது இண்டர்மீடியட் முதல் வருஷம், சேர்ந்திருந்தாள். அனுப்பிவைத்தவர் அப்பா. அனுப்பக் கூடாது என்றவர் பெரியப்பா. குடும்பத்துக்கு மூத்தவர், நிலம் நீச்செல்லாம் அவர் கையில். அவர் ஒரு தடவை சொன்னதை மறுத்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. காலேஜ் விஷயத்தில் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்க, தீபாவளி லீவில் அத்தை வரும்போதே பூ வைத்து நிச்சயம் பண்ணிவிடலாம் என்று பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிக்கொண்டு அப்பாவும் நானும் போனோம். அத்தை தலை நிறையக் கனகாம்பரத்தோடு இறங்கினாள். வழியில் அப்பா விஷயத்தைச் சொன்னார். அத்தை சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ண்ணா, இண்டர் முடிக்காம என்னை யாருக்கும் குடுத்துறாதீங்க. கல்யாணமாகிப் போனவங்க திரும்பப் படிக்க வந்ததா கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"பெரியண்ணன் வாக்குக் குடுத்துட்டாரே. நான் என்னம்மா பண்றது?" என்றார் அப்பா. அதற்கப்புறம் மாட்டோடுதான் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் மாட்டுக்கொட்டகையில் வைத்துத்தான் எனக்கு அந்த வார்த்தை கிடைத்தது. காலேஜில் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு அதுதான் பெயராம். அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள். "ஃப்ரெஷர் இங்க உக்காராத, ஃப்ரெஷர் அந்தப் பாயை எடுத்துப் போடு. நம்ம பேரையே மறந்துருவாங்க. சீனியருங்க ஒரு விருந்து வெச்சு, அவங்க கையால பூ வெச்சு உடற வரைக்கும் ஃப்ரெஷர் தலையில பூ வெக்கக் கூடாது."

"நீங்க வெக்கலீங்களா அத்தை?"

"மொத நாளே வெச்சேன். விருந்து வெக்கிற வரைக்கும் ஒருத்தியும் எங்கூடப் பேசல. பேசாட்டிப் போங்கடின்னு இருந்துட்டேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குப் பிறந்திருந்த கன்றுக்குட்டிக்கு ஃப்ரெஷர் என்று பெயர் வைத்தேன். தொட்டிலில் கிடந்த தம்பியையும் அப்படியே கூப்பிட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

மாப்பிள்ளை வீட்டார் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா பெண் தலையில் பூ வைத்துவிட்டால் முடிந்தது, பிறகு பேச்சே கிடையாது. அத்தை காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று பூவில்லாமல் நின்றாள். பெரியப்பா நடுக்கூடத்தில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா மல்லிகைச் சரத்தோடு எழுந்து வந்தாள். அத்தை ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"மன்னிச்சுக்கங்க. நான் ஃப்ரெஷர். ஃப்ரெஷருக்குப் பூ வெக்கக் கூடாதுங்க."

"அப்படின்னா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். அத்தை நிமிர்ந்து நின்று விளக்கினாள். முதல் வருஷம் படிக்கிறவள் ஃப்ரெஷர், காலேஜில் விருந்து வைத்துப் பெரியவர்கள் பூ வைக்கும்வரை வேறு யார் கைப் பூவும் அவள் தலையில் ஏறக் கூடாது, அது காலேஜ் சட்டம் என்றாள். முந்தின நாள் முகம் சுளித்துச் சொன்ன வார்த்தையை, ஏதோ கலெக்டர் பதவி மாதிரி சொன்னாள்.

"அதெல்லாம் ஒண்ணுங் கெடயாது, நீங்க வெய்யுங்க" என்று பெரியப்பா உறுமினார்.

அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சட்டத்தை மீறி வைத்த பூ விளங்குமா என்ற பயம். அத்தையைக் காலேஜுக்கு அனுப்பியவர் என்பதால் அப்பாவைப் பார்த்து, "நெசமாங்களா?" என்று கேட்டாள்.

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"ஆமாங்க. அங்க அப்படித்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டேஷனில் அத்தை தலையில் கனகாம்பரம் இருந்ததை அப்பாவும்தானே பார்த்தார். விருந்து எப்போதோ முடிந்துவிட்டதே. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா ஒரு முழு அதிரசத்தை அதில் திணித்தாள்.

"விருந்து ஆனதும் சொல்லி அனுப்புங்க" என்று அவர்கள் கிளம்பிப் போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. லீவு முடிந்ததும் அத்தை ரயிலேறினாள், இண்டரையும் முடித்தாள்.

எனக்கோ அப்பாமேல் மகா கோபம். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவர், ஊரார் முன்னால் கூசாமல் பொய் சொல்லிவிட்டார். அவரோடு பேசாமல் இருந்தேன். அவரும் அந்த நாட்களில் யாரோடும் பேசவில்லை என்பது என் கண்ணில் படவில்லை. பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் கிணற்றுத் தண்ணீரைப் பங்கு பிரித்தார்கள். களத்துக்கு நடுவில் வேலி வந்தது. கன்றுக்குட்டி அந்தப் பக்கம் போய்விட்டதே என்று மட்டும் அழுதேன்.

சந்தைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வாசலில் நிறுத்தி என்னை ஏற்றிக்கொள்கிற பெரியப்பாவின் வண்டி, அதற்குப் பிறகு நிற்காமல் போகத் தொடங்கியது. அப்பா ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார். மாடுகளுக்கு என்னவோ அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.